வீட்டு நாற்றங்கால் விற்பனை விதிமுறைகள்

வீட்டு நாற்றங்கால் விற்பனை விதிமுறைகள் என்பவை, தம் வீட்டுக் கொல்லையிலோ முற்றத்திலோ மொட்டைமாடியிலோ வளர்த்த நாற்று, பதியன், ஒட்டுக்கன்று, தொட்டிச்செடி முதலியவற்றைச் சிறிய அளவில் விற்போருக்குப் பொருந்தும் அரசு உரிமங்களையும் சட்ட வரம்புகளையும் குறிக்கும். இந்தியாவில் நாற்றங்கால்களுக்கென நடுவண் அரசின் தனிச் சட்டம் இல்லை. விதை, பயிர்ப் பாதுகாப்பு, வரி, உள்ளாட்சி, கனிமம், காட்டுயிர் எனப் பல துறைச் சட்டங்களின் ஓரங்கள் இத்தொழிலைத் தொடுகின்றன. பெரும்பாலானவற்றில் விற்பனையின் அளவுக்கு முதன்மை இல்லை. எவ்வகைச் செடி, அதை வளர்த்தவர் யார், எவ்விடத்தில் கைமாறுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கான விடையே உரிமம் தேவையா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள வாலாஜாபாத் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதிகளை விளக்குகிறது.

பின்னணி

வாலாஜாபாத், காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றின் கரையில் அமைந்த பேரூராட்சி ஆகும். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரால் இவ்வூர் வழங்குகிறது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை நிறுவப்பட்டதும், அதன்பின் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான், டைம்லர், ராயல் என்பீல்டு முதலிய ஆலைகள் வந்ததும் இப்பகுதியின் நிலப் பயன்பாட்டை மாற்றின. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை இத்தொழில் வட்டாரத்தின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று.

இம்மாற்றம் செடி விற்பனைக்கு இரு வகையான வாங்குவோரைத் தந்துள்ளது. முதலாவது தொழிற்சாலைகள். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் ஆலைகளும் தொழிற்பேட்டைகளும் தம் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமை வளையமாக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக விதிக்கப்பட்டு வந்த நிபந்தனை. ஆயிரக்கணக்கில் கன்று கேட்கும் இவ்வாணைகள் பெரிய நாற்றுப்பண்ணைகளுக்கே செல்லும். இரண்டாவது, புதிதாக வீடு கட்டிக் குடியேறுவோர். ஒரு கறிவேப்பிலைக் கன்று, இரண்டு ரோசாச் செடி, ஒரு மல்லிகைப் பதியன் என வாங்கும் இவர்களை நம்பியே வீட்டு நாற்றங்கால்கள் இயங்குகின்றன. இத்தொழிலுக்கு முதலீடு குறைவு. வீட்டு வேலைகளுக்கிடையே செய்யத்தக்கது. எனவே நிலம் குறைந்த குடும்பங்களுக்கு இது ஒரு துணை வருவாய் ஆகிறது. ஆனால் இவ்வளவு சிறிய விற்பனைக்கும் உரிமம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே அலுவலகத்தில் ஒரே விடை கிடைப்பதில்லை.

விதைச் சட்டம், 1966

இந்தியச் சட்டத்தில் "விதை" என்னும் சொல்லின் பொருள் வழக்குப் பொருளைக் காட்டிலும் விரிந்தது. விதைச் சட்டம், 1966 இன் வரையறைப்படி, உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, கால்நடைத் தீவனம் ஆகியவற்றின் விதைகளோடு, உணவுப் பயிர்களின் நாற்று, கிழங்கு, வேர், வெட்டுத்துண்டு, எல்லா வகை ஒட்டு ஆகியனவும் விதையே. சணல் விதை பின்னர் சேர்க்கப்பட்டது. ஆகவே குழித்தட்டில் வளர்ந்த தக்காளி நாற்றும், நெகிழிப் பையில் நிற்கும் மா ஒட்டுக்கன்றும் சட்டத்தின் பார்வையில் விதைகள். ரோசா, மல்லிகை, குரோட்டன்சு, பணச்செடி ஆகியவை அவ்வாறல்ல.

உணவுக்குரிய செடி உள்ளேயும் அழகுச் செடி வெளியேயும் நிற்பது தற்செயலாகத் தோன்றலாம். அரசியலமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. பொதுப் பட்டியலின் 33 ஆம் பதிவோ உணவுப் பொருள், எண்ணெய் வித்து, தீவனம், பருத்தி, பருத்தி விதை, சணல் ஆகியவற்றின் வணிகத்தைப் பற்றிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்திற்கு இடம் தருகிறது. விதைச் சட்டத்தின் வரையறையையும் இப்பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே பட்டியலாக இருப்பதைக் காணலாம். பூச்செடி அப்பட்டியலில் இல்லை.

சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி நடுவண் அரசு பயிர்களையும் இரகங்களையும் அறிவிக்கை செய்கிறது. அறிவிக்கை செய்யப்பட்டவற்றை விற்போர், 7 ஆம் பிரிவின்படி, இரகத்தின் பெயர் தெளிவாக இருத்தல், குறைந்தளவு முளைப்புத்திறனும் தூய்மையும் இருத்தல், உரிய சிட்டை ஒட்டுதல் முதலிய நிபந்தனைகளுக்கு உட்படுகின்றனர். 14 ஆம் பிரிவு விதை ஆய்வாளருக்கு மாதிரி எடுக்கவும், குறைபாடுள்ள இருப்பின் விற்பனையை 30 நாள் வரை நிறுத்தி வைக்கவும் அதிகாரம் தருகிறது.

வீட்டு விற்பனையாளருக்கு மிகவும் முதன்மையானது 24 ஆம் பிரிவு. ஒருவர் தாமே வளர்த்த, அறிவிக்கை செய்யப்பட்ட இரகத்தின் விதையைத் தம் சொந்த இடத்திலேயே, அதை விதைக்கவோ நடவோ போகும் மற்றொருவருக்கு நேரடியாக விற்றால் இச்சட்டம் அவருக்குப் பொருந்தாது. விலக்கின் ஒவ்வொரு சொல்லும் எடை உடையது. வேறொரு பண்ணையில் மொத்தமாக வாங்கி வந்து வாசலில் வைத்து விற்கும் கன்றுக்கு இவ்விலக்கு இல்லை, ஏனெனில் அது தாமே வளர்த்தது அன்று. வாரச் சந்தைக்கு எடுத்துச் சென்றாலும் இல்லை, ஏனெனில் சந்தை சொந்த இடம் அன்று. மறுவிற்பனைக்காக வாங்கும் கடைக்காரருக்குக் கொடுத்தாலும் இல்லை. அஞ்சலிலும் கூரியரிலும் அனுப்பும் விற்பனைக்கு இவ்விலக்கு பொருந்துவதாகக் கொள்வது கடினம். 1966 இல் இச்சட்டத்தை எழுதியோர் முன் அப்படியொரு விற்பனை முறை இருந்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே தருக்கத்தைக் காணலாம். அங்கு 2019 திசம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குவிதி நடவுச் செடிகளுக்கெனத் "தாவரக் கடவுச்சீட்டு" கோருகிறது. வீட்டுத் தோட்டத்துக்காக நேரில் வாங்குவோருக்கு விற்கும்போது அது தேவையில்லை. தொலைவிலிருந்து வாங்குவோருக்கு அனுப்பினால் தேவை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதையோடு நடுகைப் பொருட்களின் தரத்தையும் ஒழுங்குபடுத்துகிறது.

விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் உரிமமும்

விதைச் சட்டத்தோடு நில்லாமல், இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 1955 இன் கீழ் நடுவண் அரசு 1983 இல் விதைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. விதை விற்கும் தொழில் நடத்தும் எவரும் உரிமம் பெற வேண்டும் என்பது இவ்வாணையின் அடிப்படை. உரிமம் பெற்றவர் இருப்பையும் விலையையும் எழுதி வைத்தல், வாங்குவோருக்கு இரசீது தருதல், பதிவேடு பேணுதல், முந்தைய மாத விற்பனை விவரத்தை ஒவ்வொரு மாதமும் 5 ஆம் நாளுக்குள் உரிம அலுவலருக்கு அளித்தல் ஆகியன கட்டாயம்.

தமிழ்நாட்டில் இப்பணியை விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை மேற்கொள்கிறது. மாவட்ட அளவில் விதை ஆய்வு துணை இயக்குநரும் அவருக்குக் கீழ் விதை ஆய்வாளர்களும் செயல்படுகின்றனர். காய்கறி நாற்று, பழக்கன்று, தென்னம்பிள்ளை ஆகியவற்றை விற்கும் நாற்றுப்பண்ணைகளும் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று துறை அடிக்கடி அறிவுறுத்துகிறது.

இங்கு ஒரு முரண் உள்ளது. 24 ஆம் பிரிவின் விலக்கு "இச்சட்டத்திலிருந்து", அதாவது 1966 ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து மட்டுமே தரப்படுகிறது. 1983 ஆம் ஆண்டின் ஆணை வேறொரு சட்டத்தின் பிள்ளை. அதில் அத்தகைய வெளிப்படையான விலக்கு இல்லை. "தொழில் நடத்துபவர்" என்ற சொல்லைக் கொண்டே, எப்போதாவது பத்துக் கத்தரி நாற்றை அண்டை வீட்டாருக்கு விற்பவர் தொழில் நடத்துபவர் அல்லர் என வாதிடலாம். நாள்தோறும் பலகை வைத்து விற்பவர் அவ்வாறு வாதிடுவது எளிதன்று. தண்டனையிலும் வேறுபாடு பெரிது. 1966 ஆம் ஆண்டின் சட்டம் 19 ஆம் பிரிவில் வகுத்த தண்டனை முதல் குற்றத்துக்கு 500 உரூபாய் வரை தண்டம். மீண்டும் செய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 உரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். கட்டுப்பாட்டு ஆணையை மீறினால் பாயக்கூடிய 1955 ஆம் ஆண்டின் சட்டமோ 7 ஆண்டு வரை சிறைக்கு இடமளிக்கிறது. பதுக்கல்காரரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் வரம்புக்குள் கொல்லைப்புறக் கத்தரி நாற்றும் வந்து சேர்ந்திருப்பது பொருத்தமற்றது என்றே கூற வேண்டும். உணவுப் பயிர் நாற்றுகளைத் தொடர்ந்து விற்க எண்ணுவோர் உரிமம் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது. பூச்செடி, அழகுச்செடி மட்டும் விற்போருக்கு இவ்வுரிமம் தேவையில்லை.

சில மாநிலங்கள் பழக்கன்று நாற்றங்கால்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. பஞ்சாப் 1961 இலும், மகாராட்டிரம் 1969 இலும் இவ்வாறு செய்தன. ஆந்திரப் பிரதேசம் 2010 இல் தோட்டக்கலை நாற்றங்கால்களைப் பதிவு செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. தேசியத் தோட்டக்கலை வாரியம் வழங்கும் நாற்றங்கால் தர ஏற்பு விருப்பத்தின் பேரில் பெறுவது; மானியத் திட்டங்களுக்குக் கன்று வழங்க விரும்புவோருக்கே அது பயன்படும். திசு வளர்ப்பு வாழைக்கு நடுவண் உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006 முதல் உள்ளது.

தாவரங்களின் புதிய இரகங்களுக்கு உரிமை வழங்கும் தாவர இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001 பற்றியும் ஒரு சொல். அதன் 39 ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது.

உரிமம் எதற்காக

கன்று விற்பனையில் குறை உடனே தெரிவதில்லை. ஒட்டு மாங்கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பங்கனப்பள்ளி என்று வாங்கியது வேறு இரகம் என்பது அப்போதுதான் புலப்படும். அதற்குள் நிலமும் நீரும் உழைப்பும் செலவாகிவிட்டிருக்கும். எனவே தாய்மரம் எது என்பதே பழக்கன்றின் உண்மையான சான்று. காஞ்சிபுரம் மாவட்டத்தில் விச்சந்தாங்கல், மேல்ஒட்டிவாக்கம், பிச்சிவாக்கம் ஆகிய இடங்களில் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் உள்ளன. வீட்டில் ஒட்டுக்கட்ட விரும்புவோர் இத்தகைய பண்ணைகளில் வாங்கிய கன்றைத் தாய்ச்செடியாகக் கொண்டு, அதன் இரசீதைப் பாதுகாத்து வைத்திருந்தால் பின்னாளில் ஐயம் எழாது.

மற்றொரு காரணம் பூச்சிகளும் நோய்களும். பப்பாளி மாவுப்பூச்சி 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களுக்குப் பரவியது. அதைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகள் 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்டன. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016 இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலில் பதிவானது. இத்தகைய பூச்சிகள் தாமே பறந்து செல்லும் தொலைவு குறைவு. ஆனால் இலையின் அடிப்புறம் ஒட்டிக்கொண்டு கன்றோடு ஊர்விட்டு ஊர் பயணம் செய்யும்.

இதைத் தடுப்பதற்கான சட்டங்கள் விதைச் சட்டத்தினும் பழையவை. அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம் 1914 இல் இயற்றப்பட்டது. அன்றைய சென்னை மாகாணம் 1919 இல் தனக்கெனப் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. வாழை முடிக்கொத்து நோயின் பொருட்டு 1959 இல் முதற்சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட அறிவிக்கையில் அசாம், கேரளம், ஒடிசா, மேற்கு வங்காளம் ஆகியவற்றோடு தமிழ்நாடும் இடம்பெற்றது. இம்மாநிலங்களிலிருந்து வாழைக் கன்றை வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்ல அது தடை விதித்தது. வாலாஜாபாத்திலிருந்து ஆந்திர எல்லை தொலைவில் இல்லை. உறவினர் வீட்டுக்கு வண்டியில் வாழைக் கன்று கொண்டு செல்வோர் பலர் இத்தகைய விதியொன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்கமாட்டார். வெளிநாட்டுக்குச் செடி அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் தேவை.

வரிகள்

வரியைப் பொறுத்தவரை வீட்டு நாற்றங்கால்களின் நிலை எளிதானது. தொட்டியில் வளர்த்த செடி நிலத்தில் விளைந்ததாகுமா, அதன் வருவாய் வேளாண் வருமானமா என்ற கேள்வி முன்பு வழக்குகளுக்கு இடமளித்தது. சௌந்தர்யா நர்சரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நிலத்தில் அடிப்படை வேளாண் பணிகள் செய்து உண்டாக்கிப் பின் தொட்டிக்கு மாற்றிய செடிகளின் வருவாய் வேளாண் வருமானமே எனத் தீர்ப்பளித்தது. பின்னர் 2008 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், நாற்றங்காலில் வளர்த்த நாற்று, கன்றுகளின் வருவாயை வேளாண் வருமானமாகவே கருத வேண்டும் என்னும் விளக்கத்தை வருமான வரிச் சட்டம், 1961 இல் சேர்த்தது. 2026 ஏப்பிரல் 1 ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் இதைத் தொடர்கிறது. பிறரிடம் வாங்கி விற்கும் செடியின் ஆதாயம் இதில் அடங்காது. அது வணிக வருமானம்.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 இல் நடைமுறைக்கு வந்தபோது உயிருள்ள செடிகளுக்கு வரி விலக்கு அளிக்கப்பட்டது. விலக்குப் பெற்ற பொருளை மட்டும் விற்போர் பதிவு செய்ய வேண்டியதில்லை. தம் உழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ நிலத்தில் பயிரிடுவோருக்கும், அவ்விளைபொருளைப் பொறுத்தவரை, பதிவு தேவையில்லை. செடியோடு நெகிழித் தொட்டி, பூவாளி, உரம் என வரிக்குரிய பொருட்களையும் வாங்கி விற்கத் தொடங்கினால் கணக்கு மாறும். பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 இலட்சம் உரூபாய் என்னும் வரம்பு அப்போது கருதப்படும். வீட்டு விற்பனையாளர் எவரும் எளிதில் அவ்வரம்பை எட்டமாட்டார்.

மண், பை, உரம்

செடிக்கு இல்லாத கட்டுப்பாடு அது நிற்கும் மண்ணுக்கு உண்டு. தொட்டிக் கலவைக்குச் செம்மண், மணல், தொழுவுரம் ஆகியவை தேவை. செம்மண்ணும் மணலும் சிறுகனிமங்கள். அவற்றை அகழ்வது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 க்கு உட்பட்டது. 2003 அக்டோபர் முதல் ஆற்றுமணல் அகழ்வை அரசே மேற்கொள்ளும் என விதிகள் திருத்தப்பட்டன. ஆகவே பாலாறு அருகே ஓடினாலும் அதன் மணலைச் சாக்கில் அள்ளிவர முடியாது. ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை உழவரும் குயவரும் வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்கும் எளிய முறையை அரசு 2024 சூலையில் கொண்டுவந்தது. மணலுக்கு மாற்றாகத் தென்னைநார்க் கழிவு பயன்படுத்துவோர் இச்சிக்கலிலிருந்து விடுபடுகின்றனர்.

நாற்றுப் பையிலும் ஒரு நுட்பம் உள்ளது. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. 2018 இல் வெளியான இத்தடை ஆணை வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால்களில் பயன்படும் பைகளுக்கு விலக்கு அளித்தது. ஆனால் அரசுத் துறைகளின் கொள்முதல் ஆணைக்கென உருவாக்கப்படுபவை என்னும் வரையறையுடன். தனியார் நாற்றங்கால் அதில் குறிப்பிடப்படவில்லை. வாங்கிய செடியை எடுத்துச் செல்லத் தரும் கைப்பிடி நெகிழிப் பையோ ஐயத்துக்கு இடமின்றித் தடைக்கு உட்பட்டது.

மண்புழு உரம் 2006 இல் உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 இன் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. எனவே அதைப் பொட்டலமிட்டு வணிகமாக விற்பது அவ்வாணையின் தர விதிகளுக்கு உட்படும். பூச்சிக்கொல்லி விற்பனைக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968 இன் கீழ் உரிமம் தேவை. செடி வாங்க வந்தவருக்கு ஒரு புட்டியிலிருந்து சிறிது மருந்தை ஊற்றிக் கொடுப்பது வழக்கத்தில் உள்ளது. அது சட்டப்படியும் தவறு, உடல்நலத்துக்கும் கேடு.

விற்கும் இடம்

பேரூராட்சி எல்லைக்குள் கடை அமைத்தால் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 இன் கீழ் தொழில் உரிமம் பெற வேண்டும். இச்சட்டம் அதற்கான விதிகளுடன் 2023 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. தள்ளுவண்டியிலோ நடைபாதையிலோ விற்போருக்குத் தெரு வணிகர் சட்டம், 2014 பொருந்தும். நகர விற்பனைக் குழுவின் வழியாக வழங்கப்படும் விற்பனைச் சான்றிதழ் உடையவரை உரிய நடைமுறையின்றி அகற்றலாகாது. மாநில நெடுஞ்சாலை ஓரத்தில் செடிகளை அடுக்கி விற்பது தனிச் சிக்கல். சாலை எல்லைக்குள் இருப்பது ஆக்கிரமிப்பாகக் கருதப்படும். சாலை விரிவாக்கத்தின்போது முதலில் அகற்றப்படுவதும் அதுவே.

விற்கக் கூடாத செடிகள்

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இல் 1991 ஆம் ஆண்டின் திருத்தத்தால் தாவரங்களுக்கெனத் தனி அதிகாரம் சேர்ந்தது. நீல வாண்டா ஆர்க்கிடு, சிவப்பு வாண்டா, பெண்செருப்பு ஆர்க்கிடுகள், காசி மலைக் குடுவைச்செடி, கோட்டம், பெடோமின் சைக்கசு ஆகியவற்றை உரிமமின்றி வளர்க்கவும் விற்கவும் அது தடை செய்தது. 2023 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்து, பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் அடங்கிய இனங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆர்க்கிடு, சைக்கசு சேகரிப்போர் அட்டவணையைப் பார்ப்பது நல்லது. கஞ்சா, அபினிக் கசகசா ஆகியவற்றை வளர்ப்பதே 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். விரைந்து வளர்வதால் சாலையோரங்களில் பெரிதும் நடப்பட்ட கோனோகார்ப்பசு மரத்துக்குத் தமிழ்நாடு அரசு 2025 இல் தடை விதித்தது.

வாங்குவோரின் உரிமை

தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 இல், விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்றும், விதைச் சட்டம் இருப்பதால் அவர் நுகர்வோர் மன்றத்தை அணுகுவது தடைபடாது என்றும் தீர்ப்பளித்தது. தரக்குறைவான கன்றை விற்ற நாற்றங்கால் மீதும் இதே அடிப்படையில் முறையிடலாம். உரிமத்திலிருந்து விலக்கு என்பது பொறுப்பிலிருந்து விலக்கு ஆகாது.

சட்டத் திருத்த முயற்சிகள்

1966 ஆம் ஆண்டின் சட்டத்தை மாற்றும் முயற்சி நெடுநாள் நடைபெறுகிறது. 2004 இல் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட விதை மசோதா நிறைவேறவில்லை. நடுவண் வேளாண் அமைச்சகம் 2019 இலும், பின்னர் 2025 நவம்பரிலும் புதிய வரைவுகளை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. நாற்றங்கால்களைப் பதிவு செய்வது பற்றிய விதிகள் இம்முயற்சிகளில் இடம்பெற்றுள்ளன. உழவர் தம் விதையை விற்கும் உரிமை தொடரும் எனவும் கூறப்படுகிறது. நிலம் ஏதும் இன்றி, வாடகை வீட்டின் மொட்டைமாடியில் நூறு பையில் மிளகாய் நாற்று வளர்த்து விற்பவர் இவற்றில் உழவராகக் கொள்ளப்படுவாரா, நாற்றங்கால் உரிமையாளராகக் கொள்ளப்படுவாரா என்பது வரையறைப் பிரிவின் இறுதிச் சொற்களைப் பொறுத்தது.